ஒரே கம்பி, இரு விலக்குகள்

கூடத்தின் நடுவில் தொங்கும் விளக்கைக் கழற்றிவிட்டு அங்கே ஒரு மின்விசிறியை மாட்டுவது, பழகிய எலெக்ட்ரீஷியனுக்குப் பெரிய வேலையில்லை. மெயினை அணைப்பார். டெஸ்டரை வைத்துக் கம்பியில் மின்சாரம் இல்லை என்று பார்த்துக்கொள்வார். ஹோல்டரைக் கழற்றுவார். அதற்குப் பிறகு அவர் கவலையெல்லாம் மேலே இருக்கும் கொக்கியைப் பற்றியதுதான். விளக்கு அசையாமல் தொங்கியது, எடையும் சில நூறு கிராம்தான். வீடுகளில் மாட்டும் 1200 மில்லிமீட்டர் விசிறியோ நான்கைந்து கிலோ இருக்கும். ஓடும்போது அதிரவும் செய்யும். விளக்குக்காகப் போட்ட பிளாஸ்டிக் பெட்டியும் இரண்டு திருகும் அதைத் தாங்கா. கான்கிரீட்டில் பதித்த இரும்புக் கொக்கி வேண்டும். தரைக்கும் இறக்கைக்கும் நடுவே ஏழெட்டு அடி இடம் வேண்டும். சுவரில் ஒரு ரெகுலேட்டர் கூடும். கம்பிகள் மட்டும் மாறுவதில்லை. அதே ஃபேஸ், அதே நியூட்ரல், அதே எர்த். நேற்றுவரை விளக்கை எரியவைத்த சுவிட்ச் இன்று விசிறியைச் சுழற்றும்.

எலெக்ட்ரீஷியன் கணக்கில் மாறியது எடை. ஜெருசலேமில் வாழும் ஆசாரமான ஒரு யூதக் குடும்பத்துக்கும், ராஜஸ்தானின் லாட்னூனில் தங்கியிருக்கும் ஒரு சமணத் துறவிக்கும் அந்தக் கொக்கியில் மாறியது சட்டம். யூதச் சட்டத்தில் விளக்கு போய் விசிறி வந்தால் குற்றத்தின் கனம் குறைகிறது. சமணத் துறவுநெறியில் அதே மாற்றம், வழக்காடி விடுவிக்க இடமிருந்த ஒன்றை எடுத்துவிட்டு, விடுவிக்கவே முடியாத ஒன்றைக் கொண்டுவந்து மாட்டுகிறது. இரு தரப்பும் பார்ப்பது ஒரே கம்பியை. தீர்ப்புகள் எதிரெதிர்த் திசையில் போகின்றன.

விளக்கும் விசிறியும் பிறந்ததே ஏறக்குறைய ஒரே பட்டறையில்தான். ஜெர்மனியில் பிறந்து அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சிங்கர் தையல் இயந்திர ஆலையில் வேலை பார்த்த ஃபிலிப் டீல், 1882-இல் எடிசனின் விளக்குக்குப் போட்டியாக, கண்ணாடிக் குமிழுக்குள் கம்பியே நுழையாத ஒரு விளக்கை உருவாக்கினார். அதே பத்தாண்டில் தையல் இயந்திர மோட்டாருக்கு இறக்கை பூட்டி அதை உத்தரத்தில் மாட்டியவரும் அவர்தான். பிறகு விசிறியின் அடியிலேயே விளக்கையும் சேர்த்துவிட்டார். அந்தப் பொறியாளருக்கு இரண்டும் ஒரே ஆற்றலின் இரண்டு வேடங்கள்.

இயற்பியலாளர் ரிச்சர்ட் ஃபெயின்மனும் அப்படித்தான் பார்த்தார். 1985-இல் வெளிவந்த அவருடைய நினைவுக் குறிப்பு நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. நியூயார்க்கில் ஒரு கருத்தரங்குக்குப் போனவர் யூத இறையியல் கல்லூரி ஒன்றில் தங்கியிருந்தார். யூத மதகுருவான ரபியாகப் பயிலும் இளைஞர்கள் சிலர் அவரைத் தேடி வந்தார்கள். நவீன உலகில் ரபியாக இருக்க அறிவியல் தெரிய வேண்டும், ஆகவே ஒரு சந்தேகம் என்று ஆரம்பித்தார்கள். அணுவைப் பற்றிக் கேட்பார்கள் என்று காத்திருந்தவரிடம், மின்சாரம் தீயா என்று கேட்டார்கள். இல்லை என்றார் ஃபெயின்மன். தீ ஒரு வேதிவினை, மின்சாரம் அப்படியில்லை. ஆனால் எதற்காகக் கேட்கிறார்கள் என்று தெரிந்ததும் அவருக்கு ஏமாற்றம். ஓய்வுநாளில் லிஃப்ட் பொத்தானை அழுத்தலாமா என்பதுதான் அவர்கள் பிரச்சினை. சுவிட்சில் தெறிக்கும் பொறிதான் தடை என்றால் ஒரு கண்டன்சரை வைத்து அதைத் தணித்துவிடலாம் என்று அவர் வழியும் சொன்னார். அது அவர்களை அசைக்கவில்லை. இயற்கையை அறியும் ஆர்வம் இவர்களுக்கு இல்லை, பழைய நூலுக்குப் பொருள் சொல்லவே அறிவியலைத் தேடுகிறார்கள் என்ற முடிவுக்கு அவர் வந்தார்.

அந்த இளைஞர்களின் கேள்வி ஃபெயின்மன் நினைத்ததைவிட ஆழமானது. மின்சாரம் எது என்பதைவிட, சுவிட்சைத் தட்டும் விரல் செய்யும் செயல் எது என்பதே அவர்களுக்கு வேண்டியிருந்தது. அதற்கு விடை இயற்பியல் புத்தகத்தில் இல்லை.

யூத ஓய்வுநாள் வெள்ளிக்கிழமை சூரியன் மறையும் முன் தொடங்கி, சனிக்கிழமை இரவு விண்மீன்கள் தெரியும்வரை, சுமார் 25 மணி நேரம் நீள்கிறது. அன்று விலக்க வேண்டிய வேலைகளை யூத வாய்மொழிச் சட்டத் தொகுப்பான மிஷ்னா 39 வகையாக எண்ணிக் காட்டுகிறது. உழுவது, நெய்வது, எழுதுவது, கட்டுவது, தீ மூட்டுவது, தீயை அணைப்பது, ஒரு பொருளுக்குக் கடைசித் தட்டுத் தட்டி அதை முழுமையாக்குவது எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. தீக்கு மட்டும் யாத்திராகமம் 35-ஆம் அதிகாரத்தில் தனியாகவே ஒரு தடை இருக்கிறது. இந்த வகைகளுக்கு உடலுழைப்பு அளவுகோல் கிடையாது. ஒரு கனமான மேசையை வீட்டுக்குள் இழுத்துப் போடலாம், ஒரு தீக்குச்சியைக் கிழிக்கக் கூடாது. உலகில் புதிதாக எதையாவது ஆக்குகிறாயா என்பதே கேள்வி.

எடிசனின் இழை விளக்கு 1879-இல் வந்தது. அடுத்த சில பத்தாண்டுகளில் கிழக்கு ஐரோப்பாவின் ரபிகளுடைய மேசைக்கு அது வழக்காக வந்து சேர்ந்தது. குமிழுக்குள் சுடர் இல்லை, திரி இல்லை, எண்ணெய் இல்லை, எதுவும் எரிந்து தீர்வதில்லை. பிறகு இது எப்படித் தீயாகும்? விடைக்கு அவர்கள் பன்னிரண்டாம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடிஸிடம் போனார்கள். இரும்பை உறுதிப்படுத்துவதற்காக அதைப் பழுக்கக் காய்ச்சுபவர் தீ மூட்டும் தடையை மீறுகிறார் என்று அவர் தொகுத்த சட்ட நூல் சொல்கிறது. இழையும் பழுக்கக் காய்ந்த உலோகம்தானே. ஒளி தருவதற்காகவே அது காய்ச்சப்படுகிறது. எனவே தீ என்று பெரும்பான்மையோர் முடிவு செய்தார்கள். அணைப்பதில் மட்டும் ஒரு நுணுக்கம். தெருவில் கிடக்கும் பழுத்த உலோகத் துண்டு பலருக்குத் தீங்கு செய்யாமலிருக்க அதை ஓய்வுநாளில் அணைக்கலாம், விறகுக் கங்கை அப்படி அணைக்கக் கூடாது என்று மிஷ்னாவை விரித்துரைக்கும் தால்முத்தில் ஒரு கருத்து இருக்கிறது. ஆகவே விளக்கைப் போடுவதைவிட அதை அணைப்பது சற்று இலேசான மீறல் என்று வாதிட இடம் கிடைத்தது.

வில்னா நகரின் பெரும் ரபி ஹாயிம் ஓசர் குரோட்ஸென்ஸ்கியைப் பற்றி அவர் மரபினர் ஒரு செய்தி சொல்வார்கள். ஓய்வுநாள் முடிந்ததைக் குறிக்கும் ஹவ்தாலா சடங்கில் தீயின் மேல் ஒரு வாழ்த்துச் சொல்ல வேண்டும். வழக்கமாக அதற்குப் பின்னல் மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள். அவர் மின்விளக்கின் முன் நின்று அந்த வாழ்த்தைச் சொல்வாராம். சனிக்கிழமை இரவு வாழ்த்தும் அளவுக்கு அது தீ என்றால், வெள்ளிக்கிழமை இரவு தொடக் கூடாத அளவுக்கும் அது தீதான். ஊருக்கு ஒரு சொற்பொழிவு செய்யாமலே அவர் அதை விளங்கவைத்துவிட்டார்.

இப்போது அந்த விளக்கைக் கழற்றி விசிறியை மாட்டுவோம். இழை போயிற்று. பழுக்கும் உலோகம் எதுவும் இல்லை. செப்புச் சுருளில் பாயும் மின்சாரம் ஒரு காந்தப் புலத்தை உண்டாக்க, அது சுழலியைத் திருப்புகிறது. சுருள் கொஞ்சம் சூடாகும். ஆனால் அந்தச் சூடு யாரும் வேண்டாத இழப்பு, ஒளி தரும் அளவுக்கு ஏறுவதும் இல்லை. தீ மூட்டும் விலக்கு இங்கே வந்து ஒட்டவில்லை. அப்படியானால் சனிக்கிழமை விசிறியைப் போடலாமா?

போடக் கூடாது என்பதில் ஆசார யூதர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஏன் கூடாது என்பதில் ஒற்றுமை இல்லை. லெம்பர்க் நகர ரபி இட்ஸ்ஹாக் ஷ்மெல்கெஸ், ஓய்வுநாளில் ஆடையில் புதிதாக மணம் ஏற்றக் கூடாது என்ற பழைய விதியை எடுத்துக்கொண்டார். இல்லாத ஒன்றை ஒரு பொருளில் பிறப்பிப்பது அங்கே தடை. கம்பியில் மின்னோட்டத்தைப் பிறப்பிப்பதும் அதுவே என்றார். பின்னாளில் ப்னே ப்ராக் நகரில் வாழ்ந்த அவ்ராஹாம் யெஷாயா காரெலிட்ஸ், அவர் நூலின் பெயராலேயே ஹஸோன் இஷ் என்று அறியப்படுபவர், இன்னும் கடுமையான நிலை எடுத்தார். துண்டாகக் கிடந்த கம்பிகள் சுவிட்ச் தட்டியதும் ஒன்றாகி உயிர்பெற்று இயங்குகின்றன. இது கட்டுமானம், ஆகவே யூதரின் வேதமான தோராவே விலக்கிய வேலை என்றார்.

இதற்கு ஜெருசலேமிலிருந்து ஒரு மறுப்பு வந்தது. ஷ்லோமோ ஸல்மான் அவர்பாக் 1910-இல் பிறந்தவர். மின்சாரமும் யூதச் சட்டமும் பற்றிய அவர் நூல் 1935-இல் வந்தது. நாளும் பலமுறை திறந்து மூடவே செய்யப்பட்ட கதவை மூடுவதைக் கட்டுமானம் என்று யாரும் சொல்வதில்லை, சுவிட்சும் அப்படியே என்பது அவர் தரப்பு. மணத்துக்கான விதியையும் இங்கே இழுத்து வர முடியாது என்றார். ஒவ்வொரு காரணமாக எடுத்து ஆராய்ந்து, இழையும் வெப்பமும் இல்லாத மின்கருவிக்கு உறுதியான சட்டத் தடை எதையும் காண முடியவில்லை என்ற இடம்வரை போனார். ஆனால் அங்கிருந்து அவர் அனுமதிக்குத் தாவவில்லை. மக்கள் அனைவரும் விலக்காக ஏற்றுக்கொண்டுவிட்ட ஒன்றைத் தான் திறந்துவிடப் போவதில்லை என்று நின்றார்.

விசிறியின் தனித்தன்மை இங்கே தெரிகிறது. விளக்குக்குத் தடை உண்டு, காரணமும் உண்டு. விசிறிக்குத் தடை உண்டு. காரணத்தை ஒரு நூற்றாண்டாகத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நடைமுறையில் இந்த வேறுபாட்டுக்கு விலை இருக்கிறது. ஒருவர் நோயுற்றிருக்கும்போதோ, தாங்க முடியாத புழுக்கத்திலோ, வேறு மதத்தவரைச் செய்யச் சொல்லலாமா என்ற கேள்வி வரும்போது, கடும் தடையா இலேசான தடையா என்பதே விடையைத் தீர்மானிக்கும். குளிரில் எல்லோரும் நோயாளிகளே என்று பழைய சட்ட நூல்கள் அடுப்பு மூட்டச் சலுகை தந்தன. அந்த வாதத்தைக் கடும் வெயிலுக்கும் நீட்டி, குளிர்சாதனத்தை மற்றவரைப் போடச் சொல்லலாம் என்று தீர்ப்பளித்தவர்கள் உண்டு.

விசிறியும் விளக்கும் ஒரே சுவிட்சில் இணைந்திருந்தால் சிக்கல் கூடும். காற்று மட்டுமே வேண்டும், வெளிச்சம் வேண்டியதில்லை என்று சொல்லித் தப்பிக்க முடியாது. கோழியின் தலையை வெட்டிவிட்டு அது சாக வேண்டும் என்று நினைக்கவே இல்லை என்றால் யார் ஏற்பார்கள் என்று தால்முத் கேட்கிறது. தவிர்க்க முடியாத உடன்விளைவு, செய்தவன் கணக்கிலேயே சேரும். குளிர்பதனப் பெட்டியின் கதவைத் திறந்தால் உள்விளக்கு எரியும் என்பதற்காக வெள்ளிக்கிழமையே அந்தக் குமிழைத் தளர்த்திவைக்கும் வீடுகள் உலகெங்கும் இருப்பது இதனால்தான்.

ஆனால் வெள்ளி மாலையே விசிறியைப் போட்டு, மறுநாள் இரவுவரை ஓடவிடலாமா? தாராளமாக. இந்தக் கேள்விக்கு மின்சாரம் பிறப்பதற்குச் சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே விடை வந்துவிட்டது. சாயத்தில் கம்பளியை வெள்ளிக்கிழமை ஊறப்போட்டால், அது ஓய்வுநாளிலும் ஊறிக்கொண்டிருக்குமே என்று, பண்டைய யூதச் சட்டப் பள்ளிகள் இரண்டில் ஒன்றான ஷம்மாய் பள்ளியார் தடுத்தார்கள். சூரியன் மறையும் முன் தொடங்கிய வேலை தானாக நடப்பதில் தவறில்லை என்றார்கள் மற்றொன்றான ஹில்லெல் பள்ளியார். ஹில்லெல் பக்கம்தான் சட்டமாயிற்று. ஓய்வு மனிதனுக்கு, கருவிகளுக்கு இல்லை. நேரம் வைத்தால் தானே அணையும் டைமர்கள் இந்தத் தீர்ப்பின் நிழலில்தான் வீடுகளுக்குள் வந்தன. அமெரிக்காவின் பெரும் சட்ட அறிஞர் மோஷே ஃபைன்ஸ்டைன் மட்டும் அங்கே ஒரு கோடு போட்டார். விளக்குக்கு டைமர் வைப்பது ஏற்கெனவே வழக்கத்தில் ஊன்றிவிட்டது, இருக்கட்டும். மற்றக் கருவிகளுக்கு வைத்தால், இதே வழியில் ஒரு தொழிற்சாலையையே ஓய்வுநாளில் ஓட்டிவிடலாமே என்று அஞ்சினார். பலர் அவரைப் பின்பற்றவில்லை. என்றாலும் விளக்குக்கு ஒரு நீதி, மற்றதற்கு ஒரு நீதி என்ற பிளவு அங்கேயும் எட்டிப் பார்த்தது, இம்முறை தலைகீழாக.

லாட்னூனின் கதை வேறு இடத்தில் தொடங்குகிறது. அங்கே நாள் கணக்கு இல்லை, உயிர்க் கணக்கு.

ஓரறிவுயிர் என்றால் தமிழ் படித்தவருக்குத் தொல்காப்பிய மரபியல் நினைவுக்கு வரும். அங்கே புல்லும் மரமும்தான் ஓரறிவின. சமண நூல்கள் அந்தப் படியில் இன்னும் நால்வரை ஏற்றுகின்றன. நிலம், நீர், தீ, காற்று ஆகியவற்றையே உடலாகக் கொண்ட உயிர்கள் உண்டு. அவற்றுக்கும் தொடுபுலன் ஒன்று உண்டு. தாவரத்தையும் நகரும் உயிர்களையும் கூட்ட, உயிர்த் தொகுதி ஆறு. ஆசாராங்க சூத்திரத்தின் முதல் பகுதி இந்த ஆறையும் ஒவ்வொன்றாகச் சொல்லி, எந்தெந்தச் செயல் எந்த உயிருக்கு ஆயுதமாகிறது என்று அறியச் சொல்கிறது. அதில் காற்று கடைசியில் வருகிறது.

மகன் மனகனுக்காகச் சய்யம்பவர் தொகுத்தார் என்று மரபு சொல்லும் தசவைகாலிக சூத்திரம், துறவியின் அன்றாடத்தை இன்னும் நெருங்கிப் பார்க்கிறது. தீயை மூட்டக் கூடாது, கிளறக் கூடாது, அணைக்கவும் கூடாது. காற்றின் பகுதியில் ஒரு நீண்ட பட்டியல் வருகிறது. சாமரம், பனையோலை, இலை, கிளை, மயிற்பீலி, துணி, துணியின் ஓரம், கை, வாய் என்று எதனாலும் விசிறக் கூடாது, ஊதவும் கூடாது. தன் உடம்பைக் குளிர்விக்கவும் கூடாது, சூடான உணவை ஆற்றவும் கூடாது. ஸ்தானகவாசி, தேராபந்த் பிரிவுத் துறவிகள் வாயை மூடிக் கட்டும் வெள்ளைத் துணிக்கு ஒரு காரணம், பேசும்போது வரும் வெப்ப மூச்சு காற்றுயிரைத் தாக்கும் என்பது. தமிழ்ச் சமணர்கள் சார்ந்த திகம்பர மரபின் முனிவர்கள் எப்போதும் மயிற்பீலிக் கற்றையைக் கையில் வைத்திருப்பார்கள். அமரும் இடத்திலுள்ள சிற்றுயிர்களை நோகாமல் ஒதுக்குவதற்கு அது. வியர்வைக்கு விசிறிக்கொள்ள அன்று.

ஆகவே மின்சாரம் வந்தபோது சமணருக்கு இரண்டு தனிக் கேள்விகள் எழுந்தன. விளக்கில் தீயுயிர் இருக்கிறதா? விசிறி காற்றுயிரைக் கொல்கிறதா?

முதல் கேள்வியில் பெரிய விவாதமே நடந்தது. உத்தராத்யயன சூத்திரம் தீயுயிர்களின் வகைகளைச் சொல்லும்போது தணல், சுடர், எரிநட்சத்திரம் ஆகியவற்றோடு மின்னலையும் சேர்க்கிறது. மின்னல் உயிர் என்றால் கம்பியில் ஓடும் மின்சாரமும் உயிர்தான் என்பது ஒரு தரப்பு. சுவேதாம்பர மூர்த்திபூஜகப் பிரிவில் இந்தக் கருத்து ஆழ வேரூன்றியது. மின்விளக்கின் ஒளி உடம்பில் படுவதையே தவிர்க்க, கம்பளியைப் போர்த்திக்கொண்டு கடக்கும் துறவிகள் அங்கே உண்டு.

எதிர்த்தரப்பு தேராபந்தில் உருவானது. 1760-இல் ஆசார்ய பிக்ஷு ராஜஸ்தானில் தொடங்கிய பிரிவு அது. லாட்னூனின் ஜைன விஸ்வபாரதி அதன் கல்வி மையம். தேராபந்தின் பத்தாவது ஆசார்யர் மகாபிரக்ஞர், மின்சாரம் உயிரற்ற பருப்பொருளின் ஓர் ஆற்றல் மட்டுமே என்று வாதிட்டார். அவர் வழியில் முனி மகேந்திர குமார் இதற்கென்றே ஒரு நூல் எழுதினார். அவர்களுடைய வலுவான சான்று இயற்பியலிலிருந்தும் சமண ஆகமத்திலிருந்தும் சேர்ந்தே வருகிறது. காற்றுயிர் இல்லாமல் தீயுயிர் எரியாது என்கிறது பகவதி சூத்திரம். இழை விளக்கின் குமிழிலிருந்து காற்றை உறிஞ்சி எடுத்துவிடுகிறார்கள், அல்லது எரிதலுக்கு உதவாத வாயுவை நிரப்புகிறார்கள். காற்றை விட்டால்தான் இழை கருகிப் போகும். ஆக, காற்றில்லாத இடத்தில் ஒளிர்வது ஆகமத்தின் கணக்குப்படியே தீயாக முடியாது. மறுதரப்பார் விடவில்லை. கண்ணுக்குப் புலப்படாத நுண்காற்று குமிழுக்குள் இருக்காது என்று யார் சொன்னது, வெப்பமும் ஒளியும் தருவதைத் தீ இல்லை என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார்கள்.

வில்னாவில் இழை தீயா என்று கேட்டவர்களும் லாட்னூனில் இழை உயிரா என்று கேட்டவர்களும் ஒருவரையொருவர் அறியார். ஆனால் இருவரும் அதே கண்ணாடிக் குமிழை எடுத்து, அதற்குள் என்ன எரிகிறது என்றுதான் உற்றுப் பார்த்தார்கள். தேராபந்தின் முடிவுக்குப் பயன் இருந்தது. மின்சாரம் உயிரற்றது என்றால் ஒலிபெருக்கி வன்முறைக் கருவியாகாது. பெரும் கூட்டத்தில் ஆசார்யர் பேச முடியும். 2018-இல் அப்பிரிவின் ஆசார்ய மகாஷ்ரமணர் மழைக்கால நான்கு மாதங்களைச் சென்னையில் கழித்தபோது அவர் உரைகள் ஒலிபெருக்கி வழியாகத்தான் மக்களை எட்டின.

இந்த விடுதலை விசிறிக்கு எட்டவில்லை. எட்டவும் முடியாது. மின்சாரம் உயிரா இல்லையா என்பது விசிறியைப் பொறுத்தவரை கேள்வியே இல்லை. அதன் குற்றம் கம்பியில் இல்லை, இறக்கையில் இருக்கிறது. பனையோலையை எந்தக் காரணத்துக்காகத் தசவைகாலிகம் விலக்கியதோ அதே காரணம் 1200 மில்லிமீட்டர் அலுமினிய இறக்கைக்கும் பொருந்தும். ஓலையை அசைத்த கை சோர்ந்து நிற்கும். இதுவோ நிமிடத்துக்கு முந்நூறு சுற்றுக்கு மேல் ஓயாமல் அறைகிறது.

இங்கேயும் ஒரு நுட்பம் உண்டு. ஸ்தானாங்க சூத்திரம் உயிரற்ற காற்றை ஐந்து வகையாகப் பிரிக்கிறது. காலால் மிதித்து எழுவது, துருத்தியில் ஊதுவது, ஈரத்துணியைப் பிழியும்போது வருவது, உடம்பிலிருந்து வெளிப்படுவது என்று நான்கு. விசிறுவதால் பிறப்பதை உரையாசிரியர்கள் ஐந்தாவதில் அடக்குவார்கள். அப்படியானால் விசிறிக் காற்று உயிரற்றதுதானே, அனுபவித்தால் என்ன? அந்தக் காற்று உயிரற்றதாக இருக்கலாம். ஆனால் அது போய் மோதுவது உயிருள்ள காற்றின் மேல், ஆகவே அது ஆயுதம் என்பது விடை. விசிறி காற்றைக் கொண்டே காற்றைக் கொல்கிறது.

யூத மரபு தந்த சலுகைகளும் இங்கே செல்லாது. டைமர் வைத்தால்? காற்றுயிர் சாவது சாவதுதான். வேறொருவரைப் போடச் சொன்னால்? துறவியின் உறுதிமொழி மனம், சொல், உடல் மூன்றாலும் தான் செய்யாமலும், பிறரைச் செய்விக்காமலும், செய்பவரை ஆமோதிக்காமலும் இருப்பது. மூன்றையும் மூன்றால் பெருக்க ஒன்பது வாசல்கள் அடைபடுகின்றன. புழுங்கும் மண்டபத்தில் யாராவது விசிறியைப் போட மாட்டார்களா என்று மனத்துக்குள் ஏங்கினாலும் ஒரு வாசல் திறந்துவிட்டது என்று பொருள். வெள்ளி மாலையில் போட்டுவிட்டு மறப்பது ஹில்லெல் பள்ளியாருக்கு ஓய்வு. இவர்களுக்கு அது 25 மணி நேரக் கொலை.

இல்லறத்தாருக்கு இத்தனை கடுமை கிடையாது. அவர்கள் வீட்டில் விசிறி ஓடும். ஆனால் சாமாயிகம் என்ற பயிற்சியில் அமரும்போது, ஒரு முகூர்த்தம், அதாவது 48 நிமிடம், அவர்களும் துறவிபோல் ஆகிறார்கள். அந்த 48 நிமிடமும் சுவிட்சைத் தொடுவதில்லை. யூதர் வாரத்துக்கு ஒரு நாளாகச் சேர்த்துவைப்பதை இவர்கள் நாளுக்கு ஒரு முகூர்த்தமாகச் சில்லறையில் செய்கிறார்கள்.

இதெல்லாம் முடியைப் பிளக்கும் வாதம் என்று ஒதுக்குவது எளிது. சுவிட்ச் மனிதச் செயல்களுக்கு என்ன செய்துவிட்டது என்று யோசித்தால் அவ்வளவு எளிதில் ஒதுக்க முடியாது. ஒரு காலத்தில் விளக்கேற்ற எண்ணெய் வேண்டும், திரி திரிக்க வேண்டும், நெருப்பைக் கொண்டுவர வேண்டும். விசிற ஓலை வேண்டும், தோள் வலிக்க வேண்டும். பங்கா இழுக்கும் கூலியாள் வெளித்தாழ்வாரத்தில் உட்கார்ந்து இரவெல்லாம் கயிற்றை இழுத்தார். செயல் எது என்பது கையின் அசைவிலேயே தெரிந்தது. சுவிட்ச் வந்து எல்லாச் செயல்களையும் ஒரே அசைவாக்கிவிட்டது. தீ மூட்டுவது, காற்றடிப்பது, நீர் இறைப்பது, மாவரைப்பது எல்லாமே இன்று விரலின் ஒரு தட்டு. மின்வாரியக் கணக்கிலும் அவற்றுக்கு வேறுபாடு இல்லை. 60 வாட் குமிழ், 75 வாட் விசிறி, இரண்டும் ஓடிய நேரத்தால் பெருக்கப்பட்டு யூனிட்டுகளாகிவிடும்.

இப்படிச் செயல்கள் ஒன்றுபோலாவதை இந்த இரு மரபுகளும் ஏற்க மறுக்கின்றன. விரலின் தட்டைத் தாண்டிக் கம்பியின் மறுமுனைவரை போய், அங்கே நடப்பதை இன்னும் பழைய பெயர்களால் அழைக்கின்றன. யூதச் சட்டம் மறுமுனையில் தேடுவது மனிதனின் ஆக்கத்தை. அங்கே புதிதாக ஒன்று பிறக்கிறதா, அதைப் பிறப்பித்தது என் கையா? விளக்கில் ஒளி பிறப்பது தெரிகிறது. விசிறியில் ஏற்கெனவே இருக்கும் காற்று நகர்கிறது, அவ்வளவே. அதனால்தான் விசிறி அங்கே இலேசாகிறது. சமணம் அதே முனையில் தேடுவது நோகும் உயிரை. குமிழுக்குள் அடைபட்ட ஒளி யாரையும் தொடாமல் இருக்கலாம். அறை முழுக்க நிறைந்த காற்றைத் தொடாமல் ஒரு விசிறி சுழல முடியாது. ஒருவருக்கு அறத்தின் மையம் செய்பவன், மற்றவருக்குச் செயலைத் தாங்கும் உயிர். ஃபெயின்மனின் கண்டன்சர் பொறியை அணைக்கும். இந்த இரண்டு கேள்விகளில் ஒன்றைக்கூட அது தொடாது. அந்தப் பொறி வெறும் பக்கவிளைவு என்பது ரபிகளுக்கும் தெரிந்திருந்தது. சொல்லப்போனால், சுருள் உள்ள கருவியை அணைக்கும்போதுதான் சுவிட்சில் பொறி பெரிதாகத் தெறிக்கும். இழை விளக்கில் அவ்வளவு இராது. பொறியே அளவுகோல் என்றால் விசிறிக்குத்தான் கடுந்தண்டனை கிடைத்திருக்க வேண்டும்.

எல்லா யூதரும் ஒரே பக்கம் நிற்கவில்லை. அமெரிக்காவின் கன்சர்வேடிவ் யூதப் பிரிவின் சட்டக் குழு 1950-லேயே ஓய்வுநாளில் மின்சாரம் பயன்படுத்த இடம் தரும் தீர்ப்பை வெளியிட்டது. அதே குழுவுக்காக ரபி டேனியல் நெவின்ஸ் 2012-இல் எழுதிய நீண்ட ஆய்வு, மின்சுற்றை மூடுவது தனியே ஒரு குற்றமாகாது, கருவி செய்யும் வேலையைப் பார்த்தே தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்ற பக்கம் சாய்கிறது. பதிவு செய்யும் கருவி எழுத்துக்கு ஒப்பாகும், விசிறி எதற்கு ஒப்பாகும் என்று ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு போகும் முறை அது. மேற்குக் கரையின் அலோன் ஷ்வுத் குடியேற்றத்தில் இயங்கும் இஸ்ரேலிய ஸோமெத் நிறுவனம், நேரடியாகச் சுற்றை மூடாமல் சுற்றிவளைத்து இயங்கும் கருவிகளை மருத்துவமனைகளுக்கும் பாதுகாப்புக்கும் வடிவமைத்துத் தருகிறது.

விளக்கும் இதற்குள் மாறிவிட்டது. எல்இடி விளக்கில் இழை இல்லை. பழுத்துச் சிவக்கும் உலோகம் இல்லை. ஒரு குறைகடத்தியில் எலக்ட்ரான் தன் நிலையிலிருந்து கீழிறங்கும்போது ஒளி வெளிப்படுகிறது. மைமோனிடிஸின் காய்ச்சிய இரும்பு இங்கே உதவாது. எல்இடியின் மேல் ஹவ்தாலா சொல்ல முடியாது என்று பலர் கருதுவதும் அதனால்தான். அது தீ இல்லை என்றால், சனிக்கிழமை அதைத் தட்டுவதற்கான தடை எது? ஷ்மெல்கெஸும் ஹஸோன் இஷும் அவர்பாக்கும் விசிறிக்காக மோதிக்கொண்ட அதே இடத்துக்கு விளக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கூரையில் எதையும் கழற்றாமலே, சட்டத்தின் கண்ணில் விளக்கு விசிறியாகிவிட்டது.

சமணத் தரப்பில் எல்இடி மகாபிரக்ஞரின் கட்சிக்குக் கூடுதல் சான்று. எரிதல் இல்லை, குமிழுக்குள் காற்றிருந்தாலும் இல்லாவிட்டாலும் அது ஒளிரும். தீயுயிர் என்று சொல்ல முன்பைவிடக் குறைவாகவே இடம் இருக்கிறது. விசிறியிலும் பிஎல்டிசி மோட்டார் வந்திருக்கிறது. 75 வாட் இழுத்த இடத்தில் 30 வாட் சொச்சம் இழுக்கிறது, ரெகுலேட்டர் போய் ரிமோட் வந்துவிட்டது, அதிர்வும் ஓசையும் குறைந்துவிட்டன. தசவைகாலிகத்தின் பட்டியலில் இந்த முன்னேற்றம் எதையும் அசைக்கவில்லை. எத்தனை வாட்டில் சுழன்றாலும் அது விரட்டும் காற்றின் அளவு ஏறக்குறைய அதேதான்.